சாக்குக்குக் கீழே மூன்று கப்பல்

பகிடிப் பத்தி எழுதப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பேச எனக்கு ஏலாது. நாலு பேர் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்தால் நாக்கு உள்ளே போய்விடும். இந்த வயதிலும் அப்படித்தான். அதனால் எழுதித் தருகிறேன். உங்களில் குரல் நல்லாயிருக்கிற ஒருவர் வாசியுங்கள். நான் பின்வரிசையில் கதவுக்குப் பக்கத்தில் இருப்பேன். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். பகிடியைத் திருத்த வேண்டாம்.

நீங்கள் செய்யும் வேலையைத்தான் நானும் செய்தேன். ஊரில் நடந்த கோணல் செய்தி, சபையில் யாரோ பேசிய பேச்சு, கொட்டகையில் ஓடும் படம், இதுகளை எடுத்து வாசிக்கிறவர் வாயில் ஒரு பிடி போடுவது. எங்கள் வாரப் பத்திரிகையில் அந்தப் பத்திக்கு 'அவல்' என்று பெயர். எழுதுகிறவர் பெயர் 'அவல்காரன்'. அவல்காரன் ஒரு பெண்பிள்ளை என்பது அச்சகத்து ஐயா ஒருவருக்குத்தான் தெரியும். அவரே ஆசிரியர், அவரே முதலாளி, மழை ஒழுகினால் அவரே கூரைக்கும் ஏறுவார்.

நான் அந்த வேலைக்கு வந்ததே யுத்தத்தால்தான். திருகோணமலையில் கைகால் உள்ள ஆண்கள் எல்லாரும் கடற்படை யார்டுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அங்கே கூலி அதிகம். அச்சுக்கோர்க்க ஆள் இல்லாமல், வாசிக்கத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை போதும் என்று ஐயா என்னை எடுத்தார். பிறகு சித்திரை வருடப் பிறப்புக்குக் கொஞ்ச நாள் முன்னே யப்பான்காரன் வந்து குண்டு போட்டான். ஊரில் பாதி கந்தளாய்க்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடியது. பழைய அவல்காரரும் ஓடினார். ஊர் திரும்பி வந்தது. அவர் திரும்பி வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை பத்தி வெறுமையாகக் கிடந்தது. ஐயா தலையில் கை வைத்துக்கொண்டு, "இதுக்குள்ள என்னத்தைப் பிள்ளை போடுறது?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, சுவரைக் கேட்டார். நான் சுவருக்குப் பதிலாகச் சொன்னேன். முதல் நாள் இருட்டடிப்பு நேரத்தில் காவலுக்கு நின்ற ஒருவர், இரண்டு வெளிச்சம் தெரியுது, அணைக்காவிட்டால் வழக்குப் போடுவேன் என்று கத்திக்கொண்டு போய்ப் பார்த்தால், அது கோட்டைப் பக்கத்து மானின் கண். இனி மான்களின் கண்ணுக்கும் கறுப்புத்தாள் ஒட்ட வேண்டுமோ என்று கூப்பன் அரிசி வரிசையில் கதைத்தார்கள்.

ஐயா சிரித்தார். "அதை அப்பிடியே கோர்," என்றார்.

அன்றிலிருந்து நான் கோர்த்தேன். கவனியுங்கள், எழுதவில்லை. தாளில் எழுத எனக்கு வெட்கம். கையெழுத்தும் கோழி கிண்டினது போல இருக்கும். ஈய எழுத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து நேராகவே கோர்த்துவிடுவேன். அச்சாகி முடிந்ததும் எழுத்தைக் கலைத்து மறுபடி பெட்டியில் போடுவேன். அவல்காரனின் கையால் எழுதிய ஒரு வரிகூட உலகத்தில் கிடையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் எங்கள் கழுத்துக்கு வந்தது.

அப்படியே சில மாதம் போயிற்று. கொட்டகையில் ஒரு படத்தில் கதாநாயகன் இழுத்து இழுத்துப் பாடும்போது வெளியே விமானத் தாக்குதல் சங்கு ஊதியது. எது பாட்டு எது சங்கு என்று தெரியாமல் சனம் இருந்து கேட்டது. இரண்டும் நின்ற பிறகு, சங்கு நன்றாகப் பாடினது என்று ஒருவர் சொன்னார். அதைப் போட்டேன். ஊருக்கெல்லாம் பதுங்குகுழி வெட்டித் தருவேன் என்று சொன்ன சபை உறுப்பினர் ஒருவர், வெட்டிப் பழக வேண்டும் என்று முதலில் தன் வீட்டு வளவில் மூன்று வெட்டினார். அதையும் போட்டேன்.

என் அண்ணன் யார்டில் சாக்குத் தைக்கும் பகுதியில் இருந்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் பத்திரிகையைக் கொண்டுவந்து அம்மாவுக்கு 'அவல்' வாசிப்பான். "இந்த மனுசன் பொல்லாத ஆள். பெண்சாதியிட்ட நல்லா அடி வாங்குறவனாயிருக்கும். இல்லாட்டி இந்தச் சிரிப்பு வராது," என்பான். நான் குசினிக்குள் புகுந்து சட்டி கழுவுவேன்.

இனி, கப்பல்.

எங்கள் பக்கத்தில் கப்பல் என்று ஒரு வாழைப்பழம் இருக்கிறது. இனிப்போடு ஒரு புளிப்பும் இருக்கும். யாழ்ப்பாணத்திலும் அந்தப் பெயர்தான். வாழை என்று சொல்லத் தேவையில்லை. "ரெண்டு கப்பல் தா" என்றால் கடையில் பழம்தான் தருவார்கள். யுத்தத்தில் அது அருமையாகிப் போயிற்று. விலைக் கட்டுப்பாடு வேறு. வருகிற குலையில் நல்லதெல்லாம் பெரிய வீடுகளுக்குப் போய்விடும்.

அம்மா காய்ச்சலில் கிடந்து, ஒரு கப்பல் பழம் தின்ன வேண்டும் போல இருக்கு என்றார். நான் சந்தைக்குப் போனேன். சந்தை வாசலில் தங்கம்மாக்கா பழம் விற்பார். உப்புவெளி ஆள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய். மற்றவர்களிடம், "கப்பல் இல்லை, போ" என்று துரத்தியவர், நான் வாய் திறக்காமல் நின்றதைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, ஆருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். தான் ஓரமாகக் குந்தியிருந்த சாக்கின் ஒரு மூலையைத் தூக்கினார். கீழே மூன்று நல்ல குலை. ஆறு குலை வந்து, இரண்டு கறுத்து, ஒன்று வெடித்து, மிஞ்சியது இதுதான் என்றார். இரண்டு பழத்தைப் பிய்த்து என் முந்தானையில் போட்டார்.

"நீ வாயில்லாத பிள்ளை எண்டபடியாக் காட்டினனான்," என்றார்.

வாய் இல்லைத்தான். கை இருந்தது. அந்த வாரம் பத்தி இப்படி வந்தது:

"சந்தைத் துறைக்கு இந்தக் கிழமை ஆறு கப்பல் வந்தன. இரண்டு கறுத்துப் போய் வந்தன. ஒன்றுக்கு வழியிலேயே விலா வெடித்துவிட்டது. மிச்சம் மூன்றும் எங்கே என்று கேட்கிறீர்களா? சத்தம் போடாதீர்கள். சாக்கால் மூடி வைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு மட்டுமே தெரியும்."

துறைமுகச் செய்தி எதையும் போடக்கூடாது என்று கட்டளை இருந்த காலம். கப்பலைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது என்று சுவருக்குச் சுவர் அறிவித்தல். அதனால்தான் வாழைக்குலையைத் துறைமுகச் செய்தி போலச் சொன்னேன். வாழை என்ற சொல்லே வராமல் முடித்தேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோசம். செய்திகளை அரசாங்கக் கச்சேரிக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கித்தான் போடுவோம். 'அவல்' அனுப்புவதில்லை. பகிடியை யார் கேட்கப் போகிறார்கள் என்று ஐயா விட்டுவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணன் பத்திரிகையோடு வந்தான். வாசிக்கத் தொடங்கினான். பாதியில் குரல் நின்றுவிட்டது. நான் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தேன். முகம் வெளிறிப்போய் நின்றான். பிறகு நேரே வந்து பத்திரிகையை அடுப்புக்குள் செருகினான்.

"என்ன அண்ணா?"

"இந்த நாய்க்கு இது எப்பிடித் தெரியும்?"

"எது?"

அவன் சொல்ல விரும்பவில்லை. யார்டு விசயம் எதுவும் வீட்டில் கதைத்ததே இல்லை. அன்று பயம் அவனைக் கதைக்க வைத்தது. அந்தக் கிழமை வெளியிலிருந்து ஆறு கப்பல் வந்தனவாம். இரண்டு தீயில் கறுத்து. ஒன்று விலா பிளந்து. மிச்சம் மூன்றையும் ஆகாயத்திலிருந்து தெரியாமல் வலை கட்டிச் சாக்கால் மூடியிருக்கிறார்கள். அந்தச் சாக்கைத் தைத்த ஆட்களில் அண்ணனும் ஒருவன்.

"அது வாழைப்பழமாயிருக்கும் அண்ணா," என்றேன்.

"வாழைப்பழமோ? விசரி! எண்ணிக்கை அப்பிடியே கிடக்கு. ஆரோ தையல் பகுதியில கதைச்சிருக்கிறான் எண்டு எங்களைத்தான் பிடிக்கப் போறாங்கள். நீ இனி அந்த அச்சகத்துக்குப் போகாதை. என்ட தங்கச்சி அங்க நிக்கிறாள் எண்டு தெரிஞ்சா என்ட கதை முடிஞ்சுது."

இதை நான் இத்தனை வருடம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். கப்பல் பழம் தின்று வளர்ந்தவன் அவன். அன்று அவனுக்கே வாழைப்பழம் ஞாபகத்துக்கு வரவில்லை. பயந்தவன் வாசிக்கும்போது சொல்லுக்கு வேறு அர்த்தம் ஏறிவிடுகிறது. என் தொழிலில் நான் படித்த முதல் பாடம் அதுதான். கோர்த்து முடித்த பிறகு, சிரிக்கிறவன் கண்ணால் ஒருமுறையும் பயந்தவன் கண்ணால் ஒருமுறையும் வாசிக்க வேண்டும். நான் சிரிக்கிறவன் கண்ணால் மட்டும் வாசித்திருந்தேன்.

திங்கட்கிழமை அண்ணன் வேலைக்குப் போன பிறகு நான் அச்சகத்துக்குப் போனேன். போகாமல் விட்டால், அந்தப் பிள்ளை ஏன் இன்றைக்கு வரவில்லை என்று யாராவது கேட்பார்கள் அல்லவா? ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகமும் அண்ணன் முகம் போலவே வெளிறியது.

"நீ ஒண்டும் எழுதேல்லை. விளங்குதோ? நீ எழுத்துக் கோர்க்கிற பிள்ளை. அவ்வளவுதான்," என்றார்.

அவர் சொல்லி முடித்துக் கொஞ்ச நேரத்தில் வாசலில் வண்டி நின்றது. ஒரு வெள்ளைக்காரத் துரை. சிவந்த கழுத்து, சத்தம் போடாத ஆள். சத்தம் போடாதவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். கூட ஒரு மொழிபெயர்ப்பாளர். சென்னைப் பக்கத்திலிருந்து கடற்படையோடு வந்தவர். மெலிந்து, கண்ணாடி போட்டு, கையில் எங்கள் பத்திரிகையைப் பிடித்திருந்தார். துரைக்கு முன்னால் நிற்க அவருக்கும் பயம் என்பது, துரை திரும்பும்போதெல்லாம் அவர் ஒரு அடி பின்வாங்கியதில் தெரிந்தது.

"இதை எழுதினது யாரு?" என்று கேட்டார்.

"நான்," என்றார் ஐயா.

"கையால எழுதின பிரதி இருக்குமே, அதைக் காட்டுங்க."

"இல்லை."

"இல்லையா? எரிச்சிட்டீங்களா?"

"எழுதேல்லை. நேராக் கோர்க்கிறது."

மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீசில் சொன்னார். துரை எழுத்துப் பெட்டியைப் பார்த்தார். எழுதாமலே ஒருவன் எழுதினான் என்றால் யார் நம்புவார்கள்? ஐயா பிறகு வாழைப்பழத்தைச் சொன்னார். விளக்கமாகச் சொன்னார். குலை என்றார், கறுத்துப்போவது என்றார், தோல் வெடிப்பது என்றார். சொல்லச் சொல்ல அது பொய் போலவே வந்தது. பகிடியை ஒருவருக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினீர்கள் என்றால் நீங்கள் குற்றவாளிதான்.

"ஐயா, கப்பல்னா கப்பல்தான்," என்றார் மொழிபெயர்ப்பாளர். "நானும் தமிழன்தான். வாழைப்பழத்துக்கு இப்படி ஒரு பேரு இருக்கிறதா நான் கேட்டதே இல்லையே."

துரை மெல்ல ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "இங்கே வேலை செய்யிறவங்க யாருக்காவது யார்டுல சொந்தக்காரங்க இருக்காங்களா?"

நான் எழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். கையிலிருந்த எழுத்துகள் ஒன்றோடு ஒன்று உரசிச் சத்தம் போட்டன. ஐயா என் பக்கம் பார்க்கவே இல்லை.

"இல்லை," என்றார்.

பழத்தைக் காட்டாவிட்டால் ஐயாவைக் கொண்டுபோவார்கள். எழுதினது நான் என்று வாய் திறந்தால் அண்ணனைக் கொண்டுபோவார்கள். இப்போது ஐயா பொய்யும் சொல்லிவிட்டார். அது பிடிபட்டால் இரண்டு பேருமே போவார்கள்.

"சரி, அந்தப் பழத்தைக் காட்டட்டும்னு சொல்றார்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

ஐயா சந்தைக்குக் கூட்டிப்போனார். நான் பின்னால் போனேன். யாரும் வரச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் எங்கே போனாலும் யாரும் கவனிப்பதில்லை. அந்த ஒரு வசதி கூச்சம் உள்ளவர்களுக்கு உண்டு.

சந்தையில் முதல் கடை மூதூர் நானா ஒருவருடையது. மரவள்ளியும் பூசணியும் கொஞ்சம் வாழைப்பழமும். மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "உங்ககிட்ட கப்பல் இருக்கா?"

நானா துரையின் தொப்பியைப் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்தார். "கப்பலா? அல்லாவே! நான் கப்பலக் கண்டதுமில்ல, கப்பல் என்னைக் கண்டதுமில்ல."

அவருக்குப் பின்னால் தென்னைகளுக்கு இடையில் உள்துறைமுகம். சாம்பல் நிறத்தில் வரிசை வரிசையாகக் கப்பல்.

"வாழைப்பழக் கப்பல் நானா," என்று ஐயா கெஞ்சினார்.

"எந்தக் கப்பலும் நான் காணல்ல சேர். மூதூருக்குப் போற வள்ளம் மட்டும்தான் எனக்குத் தெரியும். அதிலயும் கண்ணை மூடிக்கொண்டுதான் போறனான்."

அடுத்தவர், கப்பல் எல்லாம் யாழ்ப்பாணத்தில்தான், இந்த ஊரில் கிடையாது என்றார். அதற்கடுத்தவர் தனக்குக் காது கேட்காது என்று கையால் காட்டினார். துரையின் கழுத்து இன்னும் சிவந்தது. ஊர் முழுக்கத் துறைமுகத்தையே இல்லை என்று சத்தியம் செய்தால் எந்தத் துரைக்குத்தான் சந்தேகம் வராது? ஐயாவின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. சிரிக்கக்கூடிய இடம் அது. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் தங்கம்மாக்கா. சாக்கின் ஓரத்தில் இருந்தார். அசையவில்லை. "எனக்குக் கண் சரியில்லை ஐயா. முன்னால நிக்கிறது ஆரெண்டே தெரியேல்லை," என்றார்.

மொழிபெயர்ப்பாளர் பத்திரிகையை மடித்தார். துரை ஐயாவின் தோளில் கை வைத்தார்.

நான் போய்த் தங்கம்மாக்காவுக்கு முன்னால் குந்தினேன். பழம் வாங்குகிறவள் போல ஒரு சீப்பைத் தூக்கிப் பார்த்தேன்.

"அக்கா, சாக்கைத் தூக்குங்கோ."

"என்ன சாக்கு?"

"ஐயாவைக் கொண்டுபோறாங்கள்."

"ஏன், அந்த அவல் கதைக்கோ? நல்லாக் கொண்டுபோகட்டும். என்ட சாக்கை ஊருக்குக் காட்டின ஆள்தானே." பிறகு என்னையே பார்த்தார். கண் சரியில்லாதவரின் பார்வை இல்லை அது. "பொறு. மூண்டு குலை எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்? சாக்கைத் தூக்கி நான் காட்டினது உனக்கு மட்டும்தான்."

நான் தலையைக் குனிந்தேன்.

"நீயோடி அவல்காரன்?"

"ஓம் அக்கா."

அதுவரை யாருக்கும் நான் அதைச் சொன்னதில்லை.

"வாயில்லாத பிள்ளை எண்டு நினைச்சன்," என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார். "தூக்கினா என்ன நடக்கும் தெரியுமோ? அந்தா, சந்தை மேற்பார்வைக்காரன் நிக்கிறான். ஒளிச்சு வச்சு வித்தனான் எண்டு என்ட இடத்தைப் பறிப்பான். நீ தருவியோ இடம்?"

என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. "அண்ணன் யார்டில சாக்குத் தைக்கிறவன் அக்கா. அவங்கள் கப்பலைச் சாக்கால மூடியிருக்கிறாங்கள். நான் சத்தியமா அதை எழுதேல்லை. உங்கட கப்பலைத்தான் எழுதினனான்," என்றேன்.

அவர் துறைமுகப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, "என்ட கப்பலையும் அவங்கட கப்பலையும் ஒண்டாக்கிப் போட்டியேடி," என்றார். எழும்பினார். சாக்கை ஒரே இழுவையில் இழுத்தார்.

"கப்பல்!" என்று கூவினார். சந்தை முழுக்கக் கேட்டது. "கப்பல் கிடக்கு, கப்பல்! இந்தா பார், மூண்டு கப்பல்!"

அதைக் கேட்டுச் சந்தையில் பாதிப் பேர் ஓடினார்கள். காது கேட்காதவர்தான் முதலில் ஓடினார்.

துரை ஐயாவின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தார். ஒரு பழத்தைப் பிய்த்து உரித்துத் தின்றார். புளிப்பில் ஒரு கண் மூடியது. மொழிபெயர்ப்பாளரும் ஒன்று தின்றார். "அட, இதுவா! எங்க ஊர்ல இதுக்கு வேற பேரு," என்றார். அவர் முகத்தில் உயிர் வந்தது. துரையின் கை மறுபடி ஐயாவின் தோளுக்குப் போகவில்லை.

அதோடு முடிந்திருக்கலாம். துரை இன்னொரு கேள்வி கேட்டார்.

"இதை ஏன் ஒளிச்சு வச்சேன்னு கேக்கிறார்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

மேற்பார்வைக்காரன் பக்கத்தில் வந்துவிட்டான். ஓடினவர்கள் தூண்களுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். தங்கம்மாக்கா இடுப்பில் கை வைத்தார்.

"யப்பான்காரன் கண்டா குண்டு போட்டிடுவான் எண்டுதான் மூடி வச்சனான். ஏன், அவர் தன்ட கப்பலை மூடி வச்சிருக்கிறாரே, நான் கேட்டனானோ?"

சந்தை அப்படியே நின்றது. ஐயா கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் அடுப்படியில் சொல்லி, நான் காதோடு சொன்னதை, அவர் துரையின் முகத்துக்கு நேரே போட்டுவிட்டார். அந்த வரி இங்கிலீசில் போனால் அடுத்த கேள்வி, உனக்கு அது யார் சொன்னது என்பதாகத்தான் இருக்கும். தங்கம்மாக்கா, நான், அண்ணன். நூல் பிடித்தது போல வந்து சேரும்.

துரை மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் தங்கம்மாக்காவைப் பார்த்தார். கண்ணாடிக்காரரின் உதடு ஒரு ஓரம் துடித்தது. சிரிப்பு. அதை விழுங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இங்கிலீசில் ஏதோ சொன்னார். துரை தலையை ஆட்டினார். அவ்வளவுதான். வண்டிக்குப் போனார்கள்.

போகும்போது மொழிபெயர்ப்பாளர் தங்கம்மாக்காவிடம் மெல்லச் சொன்னார்: "அம்மா, உங்க நல்ல காலம், எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

அவர் என்ன சொன்னார் என்பதை, கொஞ்சம் இங்கிலீசு விளங்கும் ஐயா பிறகு எனக்குச் சொன்னார். கோயில் திருவிழாவுக்கு எடுத்து வைத்திருக்கிறாளாம் என்று சொன்னாராம். அந்த மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது. பிறகு கண்டதும் இல்லை. பகிடி எழுதுகிறவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அன்று அவர் ஒரு நல்ல பகிடியை விழுங்கினாரே, அந்த இடத்தில் எது போக வேண்டும், எது நிற்க வேண்டும் என்று ஒரு கண்ணாடி துடைக்கிற நேரத்துக்குள் முடிவெடுத்தாரே, அதை நான் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதன் பிறகு 'அவல்' கச்சேரிக்குப் போய் ஒப்புதல் வாங்கித்தான் வரும் என்றாயிற்று. யார்டில் விசாரணை தையல் பகுதிக்கு வராமலே ஓய்ந்தது. நான் பல கிழமை மானைப் பற்றியே எழுதினேன். அண்ணன், "இந்த ஆள் மானை விட்டு இறங்கமாட்டானோ?" என்று அலுத்துக்கொண்டான். அவனுக்கு நான் சொல்லவில்லை.

தங்கம்மாக்காவின் இடம் போயிற்று. மேற்பார்வைக்காரனுக்குத் தமிழ் தெரியுமே. உப்புவெளியில் தெருவோரம் ஒரு மரத்துக்குக் கீழே ஓலைக் கடகம் வைத்து விற்றார். போய்ப் பார்க்க எனக்கு முகமில்லை. ஐயாதான், "போ பிள்ளை, எழுதினவள்தான் போக வேணும்," என்று அனுப்பினார்.

ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்டைக்கு நான் சொன்னது நல்ல பகிடியோ, இல்லையோ?"

"நல்ல பகிடி அக்கா."

"அப்ப ஏன் போடேல்லை?"

நான் கடகத்தில் இருந்த பழத்தை எண்ணினேன்.

"கிழமைக்குக் கிழமை வாசிப்பிச்சுக் கேக்கிறன். மானாம் மான்! அந்தக் கண்ணாடிக்காரன் அதைத் துரைக்குச் சொல்லவுமில்லை. நீயும் போடேல்லை. இடமும் போச்சு. அப்ப நான் அதை ஆருக்குச் சொன்னனான்?"

"போட்டா அண்ணனைப் பிடிப்பாங்கள் அக்கா. உங்களையும்."

"தெரியும்," என்றார். "தெரிஞ்சுதான் கேக்கிறன்."

யுத்தம் முடிந்ததும் போடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். முடிந்தது. வலையும் சாக்கும் கழற்றிய பிறகு, முதல் வேலையாக அந்தப் பத்தியைக் கோர்த்தேன். சந்தை, துரை, ஓடின காது கேட்காதவர், தங்கம்மாக்காவின் அந்த வரி, எல்லாம். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. பத்திரிகையை எடுத்துக்கொண்டு உப்புவெளிக்குப் போனேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்தில் இருந்து நானே வாசித்தேன். கடகத்தில் பழம் வாங்க நின்ற இரண்டு பேரும் கேட்டார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. வாங்க வந்தவர்கள் நல்லாயிருக்கு என்றார்கள். மரியாதைக்கு.

தங்கம்மாக்கா அவர்களுக்குப் பழம் கொடுத்து அனுப்பினார்.

"அண்டைக்கு நான் அதைச் சொல்லேக்க என்ட ரெண்டு காலும் நடுங்கினது," என்றார். "நீ இதைக் கோர்க்கேக்க உன்ட கால் நடுங்கினதோ?"

"இல்லை அக்கா."

"அதுதான்," என்றார்.

ஒரு கப்பல் பழத்தை உரித்து என் கையில் தந்தார். "திரும்ப ஒருக்கா வாசி. இப்ப அவசரப்படாமல் வாசி," என்றார்.